கிளீனர் வேலைக்கு வந்த மருமகள்

என் குரலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்துப் பயனில்லை, நான் அடுத்த தெருவில் நின்று பேசினாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். கல்லூரியில் என்.சி.சி. அணிவகுப்புக்கு ஆணை கொடுத்தவள் நான். ஆண்டு விழாவில் மைக் கெட்டுப்போனபோது நன்றியுரை சொல்ல என்னைத்தான் மேடையில் ஏற்றினார்கள். (நன்றி சொல்வதில் நான் கெட்டிக்காரி என்பதற்காக அல்ல.)

அப்பேர்ப்பட்ட குரலைக் கல்யாணமாகி எட்டு மாதம் ஒருவருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தேன். கட்டிய கணவனுக்குக்கூடத் தெரியாது.

காரணம் என் மாமியாரின் அக்கா. அவரைப் பெரியத்தை என்று கூப்பிடுவேன். சேலத்தில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்றே, டவுனில் படித்த பெண், நாளைக்கு வாய் நீளும், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நானோ காபித் தட்டோடு போய் நின்றபோது, பயத்தில் தொண்டை அடைத்து ஏதோ முனகிவிட்டு வந்திருந்தேன். அந்த முனகலில் என் மாமியார் மயங்கிவிட்டார். அவர் தன் அக்காவிடம் சொன்னது கதவுக்குப் பின்னால் நின்ற என் காதில் விழுந்தது.

"இந்தப் புள்ள பேசறது அடுத்த ஊட்டுக்குக் கேக்காதுக்கா. எனக்கு இவதான் மருமக."

எனக்காக ஒருத்தி சொந்த அக்காவை எதிர்த்து நின்றிருக்கிறாள். அவர் வாக்கு பொய்யாகக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அன்றிலிருந்து கிசுகிசுதான். பால்காரர் என்னை ஊமை என்று நினைத்துக் கையால் ஜாடை காட்ட ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில் என் கணவர் ஒரு பழைய அம்பாசிடர் கார் வாங்கினார். கார் வாங்கிய பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்ட முதல் வாரத்திலேயே எதிர்வீட்டு மாட்டுத்தொட்டியில் மோதிவிட்டு, ஓட்டுவதை விட்டுவிட்டார். (மாடு அதற்கப்புறம் ஒரு வாரம் அந்தத் தொட்டியில் தண்ணீர் குடிக்க மறுத்தது.) அதனால் ஊருக்குள் எங்காவது குடும்பத்தோடு போக வேண்டுமென்றால், அன்றைக்கு மட்டும் ஒரு டிரைவரைக் கூலிக்கு வைத்துக்கொள்வோம்.

அப்படி வந்தவர்தான் செங்கோடண்ணன். நாமக்கல் லாரியில் வடக்கே வெகுதூரம் லோடு அடிப்பவர். அவர் லாரியைப் புதுசாகப் பாடி கட்ட விட்டிருந்தார்கள். அது முடிகிற வரை சும்மா இருக்க முடியாமல் கார் ஓட்ட வந்தார். தங்கமான மனிதர். ஆனால் இரண்டு சங்கடங்கள். லாரி இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்குப் பாதிக் காதுதான் மிச்சம். இன்னொன்று, வண்டியின் இடது பக்கத்தையும் பின்பக்கத்தையும் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

ஏனென்று கேட்டேன். "அது ரெண்டும் கிளீனர் பொறுப்புங்க அம்மணி. நாம அங்க பாத்தா அவனை நம்பலைன்னு ஆயிருமுங்க" என்றார்.

காரில் கிளீனர் ஏது என்று நான் முனகியது அவருக்குக் கேட்கவில்லை.

அந்த வாரம் பார்த்து, சேலத்தில் நானும் கணவரும் குடியிருந்த வீட்டுக்குப் பரமத்தி வேலூரிலிருந்து என் மாமியார் வந்திறங்கினார். வெற்றிலைக் கொடிக்காலை மாமாவிடம் விட்டுவிட்டு அவர் இரண்டு காரியமாக வந்திருந்தார். ஒன்று, அழகாபுரத்தில் அவர் மகள், அதாவது என் நாத்தனார், கட்டிய புது வீட்டுக்குக் குடிபோகும் விழா. இன்னொன்று, காது டாக்டர். கொஞ்ச நாளாகக் காது மந்தமாகிவிட்டது என்றார். அதிலும் வினோதம், ஊரில் எல்லாமே நன்றாகக் கேட்கிறதாம், சேலம் வந்தால்தான் கேட்பதில்லையாம். சேலத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நான் மெதுவாகச் சொன்னேன். "என்ன சாமி?" என்றார். பாவமாக இருந்தது எனக்கு.

டாக்டரிடம் போகும்போது முன்சீட்டில் இடது பக்கம் அத்தை, பின்னால் நான். அதாவது, எங்களுக்குத் தெரியாமலே அத்தைக்குக் கிளீனர் உத்தியோகம் ஆகிவிட்டது. நாற்சந்திக்கு நாற்சந்தி வண்டியை நிறுத்திவிட்டு, போகலாமா என்று செங்கோடண்ணன் கேட்பார். அத்தைக்கு முன்பின் தெரியாத ஆண்பிள்ளையிடம் பேசிப் பழக்கமில்லை. திரும்பி என்னிடம், சைக்கிள்காரன் ஒருத்தன் வருகிறான் என்று சொல்லச் சொல்வார். நான் அதை என் எட்டு மாதக் குரலில் முன்னால் அனுப்புவேன். அது செங்கோடண்ணனின் மிச்சமிருந்த காதுக்குப் போய்ச் சேருவதற்குள் சைக்கிள்காரர் தாண்டிப் போய், வீடு சேர்ந்து, சாப்பிடவே உட்கார்ந்திருப்பார். பின்னால் நிற்கிற பஸ்காரர்கள் எங்கள் குலத்தையே விசாரித்தார்கள்.

டாக்டர் அத்தையின் காதில் விளக்கடித்துப் பார்த்தார், மணியடித்துப் பார்த்தார். காதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அத்தைக்கு அந்த டாக்டர் மேல் நம்பிக்கை போய்விட்டது. அடுத்த நாள் இன்னொரு டாக்டர். அவரும் அதையே சொன்னார். திரும்பும் வழியெல்லாம் அத்தை காதைத் தடவிக்கொண்டே வந்தார். வயதாகிறதே என்று கவலைப்படுகிறார் என எனக்குப் புரிந்தது. ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னேன். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று, இரண்டு நாளில் அத்தை கிளீனர் வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டார். வெட்கம் போய், கதவை இரண்டு தட்டுத் தட்டி, "ரைட், போலாம்" என்று சொல்ல ஆரம்பித்தார். சொல்லும்போது முகத்தில் ஒரு சின்னப் பெருமை வரும்.

குடிபோகும் நாள் வந்தது. மாமாவும் என் கணவரும் முதல் நாளே அங்கே போய்விட்டார்கள். தாய்வீட்டுச் சீராகக் கொடுக்கும் பித்தளைப் பாத்திரங்களையும் அரிசி மூட்டையையும் டிக்கியில் ஏற்றிக்கொண்டு அத்தையும் நானும் காலையில் கிளம்பினோம். வழியில் அத்தை, அங்கே பெரியத்தை வந்திருப்பார், சொந்தபந்தம் எல்லாம் பார்க்கும், அடக்கமாக நடந்துகொள் என்றார். எனக்கு அதைவிட வேறு வேண்டுதலே இல்லை.

வீட்டு வாசலை அடைத்துப் பந்தல். இரண்டு பக்கமும் வாழைமரம், அதன் பக்கத்தில் சந்தனமும் கல்கண்டும் வைத்த மேஜை. நாதஸ்வரம் முழங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் தெருவிலேயே இறங்கிக்கொள்கிறோம் என்றதற்கு செங்கோடண்ணன் சம்மதிக்கவில்லை.

"லோடு வண்டி பின்பக்கமாத்தானுங்க வாசலுக்குப் போவோணும். இறக்கறதுக்கு அதுதானுங்க தோது. நீங்க எறங்கிப் பின்னாடி பாருங்க அம்மணி" என்றார்.

பட்டுச்சேலையோடு இறங்கிப் பின்னால் போய் நின்றேன். சொந்தபந்தம் மொத்தமும் பந்தலுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒரு கையை மட்டும் நாசூக்காக ஆட்டி, "வாங்க, வாங்க" என்றேன். தங்களைத்தான் வரவேற்கிறேன் என்று நினைத்து உள்ளே இருந்த இரண்டு மூன்று பேர் எனக்குக் கும்பிடு போட்டார்கள்.

கார் வந்தது. போதுமான தூரம் வந்தது. "போதுங்கண்ணா" என்றேன். பந்தியில் ரசம் ஊற்றுகிறவரிடம் சொல்வதுபோல, அவ்வளவு மரியாதையாக. கார் மேலும் வந்தது. நான் ஒதுங்கிக்கொண்டு மறுபடியும் போதும் என்றேன். இடப்பக்கத்து வாழைமரம், அதைக் கட்டியிருந்த பந்தல் காலோடு சாய்ந்தது. சந்தன மேஜை சாய்ந்தது. கல்கண்டு தெருவெல்லாம் உருண்டது. நாதஸ்வரக்காரர் கண்ணை மூடி உச்சத்தில் இருந்தார், அதனால் விழுந்த சத்தம்கூட யாருக்கும் கேட்கவில்லை. அப்போதுதான் பார்த்தேன், மேஜைக்குப் பின்னால் ஓர் இரும்பு நாற்காலி. அதில், காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி பெரியத்தை.

அந்த ஒரு கணம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கத்தினால் எட்டு மாதம் போச்சு. அத்தையின் வாக்கு போச்சு. கத்தாவிட்டால் பெரியத்தையே போச்சு. (இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? கொஞ்சம் யோசித்தேன்.)

"ஓல்டேய்ய்ய்ய்!"

லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தச் சொல்லும் கூப்பாடு அது. செங்கோடண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கூடவே இரண்டு கையாலும் டிக்கியில் ஓங்கி ஒரு அறை விட்டேன். கார் அந்த இடத்திலேயே நின்றது. நாதஸ்வரம் நின்றது. உள்ளே மந்திரம் நின்றது. மாவிலைத் தோரணம் கட்ட ஏணியில் ஏறியிருந்த என் கணவர், யாரம்மா அது என்று திரும்பிப் பார்த்தார். தெருக்கோடியில் ஒரு மணல் லாரி, தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று பிரேக் போட்டு நின்றது.

அந்த அமைதியில் பந்தலின் முன்பக்கம், கால் ஒன்று போய்விட்ட விஷயத்தை அப்போதுதான் உணர்ந்ததுபோல, மெல்ல மெல்லச் சரிந்து எல்லார் தலையிலும் உட்கார்ந்தது. யாருக்கும் அடி இல்லை. தென்னங்கீற்றை விலக்கிக்கொண்டு பெரியத்தை எழுந்தார். நேராகத் தங்கையைப் பார்த்தார்.

"அடுத்த ஊட்டுக்குக் கேக்காதுன்னியே" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை காரிலிருந்து இறங்கினார். நடந்து வந்து, காரின் பம்பருக்கும் நாற்காலிக்கும் இடையே கையை விரித்து அளந்தார். ஒரு சாண் முழுசாக இல்லை.

"அடுத்த ஊட்டுக்குக் கேட்டதுனாலதான்க்கா நீ நிக்கற" என்றார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்தேன்.

"இத்தனை சத்தத்தை வெச்சுக்கிட்டு எட்டு மாசமா எதுக்கு சாமி வாய்க்குள்ளயே பேசின? நீ பேசறது கேக்காமத்தான், எனக்குக் காது போச்சுன்னு ரெண்டு டாக்டரைப் பாத்தேன்."

முதலில் மாமா சிரித்தார். அப்புறம் ஏணியிலிருந்த என் கணவர் சிரித்தார். பெரியத்தை சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ முயன்று, வாயிலிருந்த வெற்றிலையோடு சிரித்துவிட்டார். அத்தை சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஒரே நிம்மதி, காது போகவில்லையே என்று. எனக்கும்தான். ஒரு நல்ல மனுஷியை எட்டு மாதமாகச் செவிடாக்கி வைத்திருந்திருக்கிறேனே.

செங்கோடண்ணன் மட்டும் என்னிடம் வருத்தப்பட்டார். முதல் தடவையே இப்படிக் கத்தியிருந்தால் வாழைமரமாவது மிஞ்சியிருக்குமே என்றார். அவர் லாரிக்குப் பாடி கட்டி முடித்ததும் போய்விட்டார். எனக்கு வைத்த பெயர் போகவில்லை. அன்று சாயங்காலமே நாத்தனார் என்னைக் கிளீனர் என்று கூப்பிட்டாள். அவள் பிள்ளைகளுக்கு நான் கிளீனர் அத்தை. குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும், பந்தல் போடுகிறவரிடம் என்னைக் காட்டி, இந்தம்மா வந்திருக்காங்க, பந்தக்காலை ஆழமா ஊனுங்க என்று சொல்லிவைப்பார்கள்.

அத்தைக்கு இப்போது உண்மையாகவே காது கேட்பதில்லை. என் மகன் நல்ல விலையில் ஒரு காது மெஷின் வாங்கி வந்தான். அது பெட்டியிலேயே இருக்கிறது. வீட்டில் யார் என்ன பேசினாலும் அத்தை என் பக்கம் திரும்புவார், நான் அதைத் திரும்ப ஒருமுறை சொல்வேன். தெருவே கேட்கும், அவருக்கும் கேட்கும். போன வாரம் டாக்டர், ஏன் பாட்டி மெஷினைப் போட மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டார். வழக்கம்போல நான்தான் அதைச் சொன்னேன். அத்தை நாற்காலிக் கையை இரண்டு தட்டுத் தட்டினார்.

"எனக்கெதுக்கு மெஷினு? கிளீனர் இருக்கறாளே" என்றார். பிறகு என்னிடம், "ரைட், போலாம்."