தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு கேமரா

திருடனைப் பிடிக்கும் வரை மீனைத் தொடுவதில்லை என்று அப்துல் ஜப்பார் சபதம் எடுத்துக்கொண்டார். போர்ட் பிளேயரில் இருந்துகொண்டு மீன் தின்னாமல் இருப்பதும் கல்யாண வீட்டில் உட்கார்ந்துகொண்டு பிரியாணி தின்னாமல் இருப்பதும் ஒன்றுதான். அவ்வளவு கொதிப்பு மனுஷனுக்கு.

திருட்டுப் போனது நகையல்ல. தண்ணீர்.

மரைன் ஹில்லில் அவர் வீட்டுக் குழாய்க்குக் கோடை வந்தால் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் உயிர் வரும். அதுவும் அரை மணி நேரம். அந்த அரை மணியில் மொட்டைமாடித் தொட்டியை விளிம்பு வரை நிரப்பிவிட்டுத்தான் பஜாரில் இருக்கும் தன் பாத்திரக் கடையைத் திறக்கப் போவார். இந்தக் கோடையில்தான் அளந்து பார்க்கத் தொடங்கினார்; சாயங்காலம் வந்து மூங்கில் குச்சியை விட்டால் ஒரு முழம் குறைந்திருக்கும். வீட்டில் இருப்பது அவரும் மனைவி சம்சாத்தும் மட்டும். ஒரு முழத் தண்ணீரில் இரண்டு பேர் குளிக்கலாம், சமைக்கலாம், மிச்சத்தில் படகு விடலாம்.

"வெயில் குடிச்சிருக்கும் மச்சான்" என்றாள் சம்சாத்.

"தண்ணி வர்ற அன்னைக்கு மட்டும்தான் வெயிலுக்குத் தாகம் எடுக்குமோ?"

"அப்ப காக்கா."

"மூடி போட்ட தொட்டியில காக்கா எப்படிடி குடிக்கும்? மூடியைத் திறந்து குடிச்சிட்டு மறுபடி மூடிட்டுப் போகுமா?"

"நல்லா வளர்த்த காக்காவா இருக்கும்" என்று சொல்லிவிட்டு சம்சாத் உள்ளே போய்விட்டாள்.

இது பானி சோர் வேலைதான் என்று ஜப்பார் முடிவு கட்டினார். இந்தத் தீவில் தமிழன், வங்காளி, தெலுங்கன் எல்லோரும் கலந்து பேசுகிற இந்தியில் தண்ணீர்த் திருடனுக்கு அதுதான் பெயர். அவருக்கும் அதே இந்தியில் ஒரு பெயர் உண்டு. மோல்பாவ் ஜப்பார். பேரம் பேசுவதை இங்கே மோல்பாவ் என்பார்கள். ஒரு மூட்டை அலுமினியச் சட்டியோடு கப்பலில் வந்து இறங்கி, தெருத்தெருவாய்ச் சுமந்து விற்று, அடிபட்டு மிதிபட்டு ஒரு கடைக்கு முதலாளியான மனுஷன். அவருக்குப் பட்டம் கொடுத்தது பள்ளிக்கூடமல்ல, பஜார். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் இரண்டு அங்குலம் உயர்ந்து நடப்பார். அப்பேர்ப்பட்டவர் வீட்டுத் தண்ணீரில் கைவைக்க எவனுக்குத் துணிச்சல்?

கேமரா போட்டே தீருவது என்று கிளம்பினார். இரண்டு கேமராவும் படம் பதிகிற பெட்டியும் சுலபமாய்ப் படிந்துவிட்டன. சண்டை வந்தது கேபிளில். பஜார்க் கடைக்காரன் ஒரு சுருளை எடுத்துப் போட்டு, "சுத்தமான செம்பு, சேட்" என்றான். ஜப்பார் பிளேடு கேட்டார். நுனியைச் சீவி, கம்பியைச் சுரண்டினார். மேலே செம்பு நிறம். உள்ளே வெள்ளை வெளேர்.

அவருக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. இருபது வருஷம் அலுமினியம் விற்றவனிடமே அலுமினியத்துக்குச் சாயம் பூசி விற்பதா? இந்தக் கம்பியில் தொட்டி வரை கரண்டு போய்ச் சேருவதற்குள் பாதி வழியிலேயே களைத்துவிடும், கேமரா கண்ணைக் கட்டிக்கொள்ளும், உப்புக் காத்து பட்டால் ஒரே மழையில் பொடிப்பொடியாய் உதிரும் என்று கடை வாசலில் நின்று ஊருக்கே பாடம் நடத்திவிட்டு வீடு திரும்பினார்.

"முருகையா கடையில கேளுங்களேன்" என்றாள் சம்சாத்.

முருகையா மதில்சுவருக்கு அந்தப் பக்கம், மேட்டுக்குக் கீழே குடியிருப்பவர். எலக்ட்ரிகல் கடை வைத்திருந்தார். விலையில் உடும்புப் பிடி. கப்பலில் சாமான் வர ஆகும் கூலியைச் சொல்லிச் சொல்லியே வாடிக்கையாளரை அழவைத்துவிடுவார் என்று பெயர். ஆனால் ஜப்பாரிடம் மட்டும் படிந்துவிடுவார். போன வருஷம் மிக்ஸி, அதற்கு முன்னால் ஸ்டெபிலைசர், நடுவில் இரண்டு ஃபேன் என்று எல்லாவற்றையும் ஜப்பார் பாதி விலைக்கு அடித்து வாங்கியிருந்தார். பஜாரில் அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் வீர வரலாறு அது.

முருகையா காட்டியது அசல் செம்பு. பிளேடால் சுரண்டியும் சிவப்பு, லைட்டரால் சுட்டும் சிவப்பு. ஜப்பார் பாதி விலை கேட்டார். முருகையா கூரையைப் பார்த்தார். கப்பல் கூலியை ஆரம்பித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன், பாய்" என்று போனோடு உள்ளே போனார்.

வியாபாரத்துக்குப் பொண்டாட்டியிடம் அனுமதி கேட்கும் ஆம்பளையை நினைத்து ஜப்பார் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

முருகையா திரும்பி வந்து சரி என்றார். ஜப்பாருக்குத் தோள் தினவெடுத்தது. கனெக்டர் எதற்கு, கம்பியை முறுக்கி டேப் சுற்றினால் போதாதா என்று அடுத்ததற்குப் போனார். முறுக்கினால் படத்தில் கோடு கோடாய் மழை பெய்யும், ஒரு மாசத்தில் பச்சை பூத்துவிடும் என்றார் முருகையா. அப்படியானால் கனெக்டரும் அதைக் காற்றுப் படாமல் மூடும் பெட்டியும் இனாம், மாட்டுகிற கூலியும் இனாம் என்றார் ஜப்பார். அதற்கும் முருகையா தலையாட்டினார்.

"ஒரு கேமரா வாசல் கேட்டுக்கு, இன்னொண்ணு எங்க, பாய்?"

"மாடித் தொட்டிக்கு."

கேபிளை வெட்டிக்கொண்டிருந்த கட்டர் பாதியில் நின்றது.

"தொட்டிக்கு எதுக்குங்க கேமரா? அது பாட்டுக்கு ஒரு மூலையில உக்காந்திருக்கு."

"நீர் கேபிளை வெட்டுமய்யா" என்றார் ஜப்பார்.

ஞாயிற்றுக்கிழமை முருகையாவே ஏணியோடு வந்து மாட்டினார். ஜப்பார் ஏணியைப் பிடித்தபடி அதிகாரம் செய்தார். சம்சாத் டீ கொண்டுவந்தாள். இந்தப் படம் போனில் தெரியுமா என்று கேட்டாள். தெரியும், அக்கா என்று முருகையா முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அப்ப என் போன்லயும் போட்டுக் குடுங்க" என்று நீட்டினாள்.

அடுத்த தண்ணீர் நாள். காலை பதினொரு மணி. கடையில் குக்கருக்கு விலை சொல்லிக்கொண்டே ஜப்பார் போனைத் திறந்தார். தொட்டி தெரிந்தது. மூடி தெரிந்தது. செம்பின் மகிமை, மூடியில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது. அப்புறம் படியேறி ஓர் உருவம் வந்தது. தொட்டியின் அடியில் இருந்த குழாயில் பச்சை ஓஸைச் செருகி, மறுமுனையை மதில்சுவருக்கு அந்தப் பக்கம் விட்டது. கீழே முருகையாவின் மனைவி விஜயலட்சுமி நீலப் பீப்பாயோடு நின்றாள். உருவம் நிமிர்ந்து, கேமராவைப் பார்த்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டது.

சம்சாத்.

குக்கரைப் போட்டது போட்டபடி ஷட்டரை இறக்கிவிட்டு ஆட்டோ பிடித்தார். வீட்டுக்குள் நுழைந்தபோது சம்சாத் சூரை மீன் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"திருடனைப் பிடிச்சாச்சுல்ல? அதான் மீன் எடுத்தேன்."

"வீட்டுக்குள்ளயே வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கேன். எத்தனை நாளா நடக்குது இது?"

"ரெண்டு வருஷம். அவங்க வீடு குழாய் லைன்ல கடைசி வீடு. சொட்டு வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிடுது. மூணு புள்ளைங்களை வச்சுக்கிட்டு அவ எங்க போவா?"

"அதுக்கு? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"கேட்டா தண்ணிக்கும் பேரம் பேசுவீங்க."

"கேமரா போடுறப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம்ல?"

"வேணாம்னு சொன்னா இன்னும் ரெண்டு சேர்த்துல்ல வாங்குவீங்க."

ஜப்பார் துடித்தார். இன்றோடு ஓஸைச் சுருட்டு, மதில்சுவரை ஓர் ஆள் உயரம் ஏற்றுகிறேன், முருகையா கண்ணில் விழிக்கமாட்டேன் என்று வரிசையாய்ச் சொன்னார். சம்சாத் மீனைக் கழுவிக்கொண்டே எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். பிறகு கையைத் துடைத்தாள்.

"ஒண்ணு கேக்குறேன் மச்சான். ஊருக்கே விலையைக் குறைக்காத மனுஷன், உங்களுக்கு மட்டும் ஏன் குறைக்கிறாரு?"

"என் பேச்சு அப்படி."

"அவரு உள்ள போய் போன் பண்ணாருல்ல? விஜயலட்சுமிக்கு. அவ எனக்குப் பண்ணா. அக்கா, பாய் செம்பைப் பாதி விலைக்குக் கேக்குறாராம், என்ன செய்யன்னு கேட்டா. குடுத்துடச் சொல்லு, இனிமே ஒரு பீப்பாய் சேர்த்துத் தர்றேன்னு நான்தான் சொன்னேன்."

ஜப்பார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மிக்ஸி?" என்றார் மெதுவாக.

"தண்ணி."

"ஸ்டெபிலைசர்?"

"அதுவும் தண்ணிதான். ஃபேன் ரெண்டும் போன கோடையில."

சம்சாத் மீன் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். பஜாரில் அவர் சொன்ன வீர வரலாறு முழுக்க ஒரு பச்சை ஓஸ் வழியாக மதில்சுவருக்கு அந்தப் பக்கம் ஒழுகிப் போய்க்கொண்டிருந்தது.

"ஓஸைச் சுருட்டிடுறேன்" என்றாள் சம்சாத். "ஆனா நாளைக்கே விஜயலட்சுமி ஏன் தண்ணி நின்னுச்சுன்னு நாலு பேர்கிட்ட சொல்லுவா. கூடவே உங்களுக்குப் பாதி விலைக்கு எதுக்காகக் குடுத்தாங்கன்னும் சொல்லுவா. அப்புறம் பஜார்ல உங்களை எப்படிக் கூப்பிடுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

மீன் கொதித்து இறங்கும் வரை ஜப்பார் யோசித்தார். மோல்பாவ் என்ற அந்த ஒரு பட்டத்துக்காக எத்தனை வருஷம் தொண்டை காய்ந்திருக்கிறது.

"சோறு போடு" என்றார்.

மூன்று நாள் கழித்துத் தண்ணீர் வந்தது. படியேறினால் முட்டி வலிக்கிறது என்று சம்சாத் அடுப்படியிலேயே இருந்துகொண்டாள். மொட்டைமாடியில் ஜப்பார் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொட்டியின் குழாயில் ஓஸைச் செருகினார். சட்டைப்பையில் போன் அடித்தது.

"மச்சான், கீழ ஒழுகுது பாருங்க, நல்லா அழுத்திச் செருகுங்க" என்றாள் சம்சாத். "படம் என்னமா தெளிவா இருக்கு. செம்புன்னா செம்புதான்."