ரேடியோவைப் பிடித்த பேய்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதைக் கண்டாலும் கும்பிடத் தோன்றுகிறது. திறந்து பார்க்கத் தோன்றுவதில்லை. வலையபட்டிக்கு ரேடியோ வந்தது. பொட்டு வைத்தார்கள். மாலை போட்டார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி காட்டினார்கள். நல்லவேளை, கிடா வெட்டவில்லை.

பிறகு பெட்டி கரகரத்தது. பேய் பிடித்துவிட்டதாம்!

அதை ஓட்டவென்றே மாயக்கண்ணன் என்று ஒருவன் வந்து சேர்ந்தான். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் கூட்டமான கூட்டம். காளையார்கோவிலிலிருந்துகூடப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இப்படி ஓடி வந்திருப்பார்களோ என்னவோ.

பெட்டியையும் தன்னையும் ஒரு சிவப்புத் துணியால் மூடிக்கொள்வான். உள்ளேயிருந்து மந்திரம் வரும். நடுநடுவே தும்மலும் வரும். துணியை விலக்கினால் பெட்டி பாடும்! உடனே பின்பக்க ஓட்டை வழியாக ஒரு பிடி விபூதியை உள்ளே போடுவான். "இது கட்டு. வெள்ளிக்கு வெள்ளி நீங்களும் போடுங்க" என்பான். அடுத்த மாதமே பெட்டி கரகரக்கும். மறுபடி மாயக்கண்ணன். பேயும் அவனும் பங்காளிகள் போலிருக்கிறது.

என் தம்பி மகள் அன்னக்கிளியும் தன் பெட்டியோடு மூன்றாம் தடவையாக வந்து நின்றாள். கல்யாணமான கையோடு பினாங்குக்குப் போன அவள் புருஷன் மருது அனுப்பிய பெட்டி. அவன் முகத்துக்குப் பதில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாயக்கண்ணன் பெட்டியை ஆசையாகத் தடவிப் பார்த்தான். "இது முரட்டுப் பேய் தாயி. வீட்ல இருந்தா அக்கரையில இருக்கிற உங்க வீட்டுக்காரர் உசுருக்கு ஆகாது. எங்கிட்டக் குடுத்துருங்க, கடல்ல போட்டுர்றேன்."

அழுதுகொண்டே பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.

"இருய்யா" என்றேன். "போன தடவை துணிக்குள்ள இருந்து வந்தப்ப உன் மீசையில ஒட்டடை தொங்குச்சே, அது பேயோட தலைமுடியா?"

"விளையாடாதீக பெரியவரே. இது தெய்வ காரியம்."

"இம்புட்டு நேரம் பேய் காரியம்னுல்ல சொன்ன? சரி, துணி வேணாம். பின்பலகையை நான் பிடிச்சுக்கிறேன். நீ மந்திரத்தை மட்டும் சொல்லு."

கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னான். பெட்டி 'கர்ர்ர்' என்றது.

"பேய் பதில் சொல்லுதுப்பா!" என்றான் சின்னக்கண்ணு. எங்கள் ஊரில் அவன்தான் படித்தவன்.

மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு, சூடு ஆறியதும் பின்பலகையைக் கழற்றினேன். உள்ளே விபூதி, சாம்பிராணிக் கரி, வாடிய மாலையின் பூ, பல்லி முட்டை ஓடு. கோயிலைக் கூட்டினால்கூட இவ்வளவு குப்பை வராது. அன்னக்கிளி வீட்டு ஊதாங்குழலை எடுத்துவரச் சொல்லி வாங்கினேன். கோழி இறகால் மெல்லத் தட்டி, ஊதினேன். என் வாயில் மந்திரம் இல்லை. வெற்றிலை இருந்தது, அதையும் முதலிலேயே துப்பிவிட்டேன்.

பலகையை மாட்டி மின்சாரம் கொடுத்ததும் பெட்டி சூடேறியது. இலங்கை ரேடியோப் பாட்டு கணீரென்று வந்தது.

"பெரியப்பா, அப்ப அவுகளுக்கு ஒன்னும் ஆகாதுல்ல?"

"அவனுக்கு என்ன கேடு? பெட்டிக்குத்தான் தூசி."

பாட்டு முடிவதற்குள் மாயக்கண்ணன் மாயமாகிவிட்டான். அவன் விட்டுவிட்டுப் போன மூட்டையை அவிழ்த்தால் ஒரு திருப்புளி, ஒரு பெயின்ட் பிரஷ். வேப்பிலைகூட இல்லை.

"விபூதியை நெத்தியோட நிறுத்துங்கப்பா" என்றேன். "அப்பப்பத் தூசி தட்டுனா பெட்டி உங்க பேரன் காலம் வரைக்கும் பாடும். தட்டும்போது மண்டையையும் சேத்துத் தட்டிக்கங்க."

எல்லாரும் பலமாகத் தலையாட்டினார்கள். திரும்பிப் பார்த்தேன். சின்னக்கண்ணு சிவப்புத் துணியை விரித்து ஊதாங்குழலை அதன்மேல் வைத்துக் குங்குமம் தடவிக்கொண்டிருந்தான். பின்னால் பெட்டிகளோடு ஒரு வரிசை.

"ஐயா, உங்க வாயால எங்களுக்கும் ஒரு ஊது!"

குழலைப் பிடுங்கி அன்னக்கிளியிடம் கொடுத்தேன். "போய் அடுப்பை ஊது ஆத்தா."

நடையைக் கட்டினேன். பின்னால் யாரோ என் காலடி மண்ணை அள்ளுவது தெரிந்தது. பெட்டிக்குள் போடத்தான்.