மெக்னீசியமும் நெத்திலிக் கருவாடும்

மெக்னீசியம் எங்கே உட்கார்ந்திருக்கும் என்பது பூங்கோதைக்கு மறுபடியும் மறந்துபோயிற்று.

புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுக் கூரையைப் பார்த்தாள். கூரையில் மெக்னீசியம் இல்லை.

"இந்தத் தடவையும் வரலைன்னா புஸ்தகத்தையெல்லாம் எடைக்குப் போட்டுடுவேங்க," என்றாள்.

"ம்," என்றான் அவள் கணவன் வெற்றிவேல்.

ஜமுனாமரத்தூர் பஸ் நிலையத்துக்கு எதிரே செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் அவன். கடையில் முடியாத போன்கள் வீட்டுக்கும் வரும். ஒரு போனைப் பிரித்துவிட்டால் மூடும்வரை அவனிடமிருந்து 'ம்' என்பதைத் தவிர வேறு எதையும் எதிர்பார்க்க முடியாது. பூங்கோதை அதற்குப் பழகியிருந்தாள்.

"நெசமாத்தான் சொல்றேன். விலங்கியல் டீச்சராவணும்னு எனக்கு எழுதலை போலக்கீது."

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் அவன் இன்னொரு 'ம்' போட்டிருப்பான். கோபம் இல்லை. அதுதான் அவனைத் தலைநிமிர வைத்தது. தனியார் பள்ளியில் தற்காலிகமாகப் பாடம் நடத்திக்கொண்டே இரண்டு முறை அரசு ஆசிரியர் தேர்வு எழுதி, இரண்டு முறையும் நூலிழையில் விட்டவள். இரண்டு முறையும் இதே பாடம்தான் காலை வாரியது.

வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. "அடியே பூங்கோத! பருப்பு அடிபுடிக்குது, பாருடி!"

பக்கத்து வீட்டுச் சாந்தம்மாள். பூங்கோதை உள்ளே ஓடினாள். பருப்பு கரியாகியிருந்தது.

"அந்தம்மாவுக்கு வேற வேலையே இல்ல. அவங்க மூக்கு நம்ம வூட்டு அடுப்பு மேலயே கீது," என்றான் வெற்றிவேல். ஆனாலும் மனசுக்குள் உருகினான். அடுப்பில் பருப்பு கருகுவதுகூடத் தெரியாமல் படிக்கிறாளே!

போனை ஓரமாக வைத்தான். "இன்னா அது, வராத பாடம்? எனக்குச் சொல்லு."

பூங்கோதை அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"ஞாபகம் எப்படி உண்டாவுதுன்னு பாடம். மூளையில ஒரு நரம்பு செல்லு இன்னொண்ணுகிட்ட பேசற எடத்துல, செல்லோட சுவத்துல பொடிப்பொடியா வாசல் இருக்கும். அயனித் தடம்னு பேரு. சோடியம், கால்சியம் எல்லாம் அது வழியாத்தான் உள்ள போவும். அதுல ஒரு வாசல் மட்டும் அழுத்தக்காரி. வாயில மெக்னீசியத்தைத் தக்கை மாதிரி அடைச்சிக்கினு நிக்கும்."

"எப்ப தொறக்கும்?"

"ரெண்டு விஷயம் ஒரே நேரத்துல நடக்கணும். அந்தப் பக்கத்துச் செல்லு அனுப்புற சேதி வந்து வாசல்ல ஒட்டணும். இந்தச் செல்லும் ஏற்கெனவே உசுப்பேறி இருக்கணும். அப்பதான் தக்கை நவுரும், கால்சியம் உள்ள பாயும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தா அந்த ரெண்டு செல்லுக்கும் நடுவுல பிடிப்பு கெட்டியாயிடும். அதான் ஞாபகம்."

வெற்றிவேல் யோசித்தான். "நம்ம மலை பஸ்ஸு மாதிரி. கண்டக்டர் விசில் மட்டும் அடிச்சா நவுருமா? டிரைவரும் டீ குடிச்சிட்டு ஏறி உக்காந்திருக்கணும்."

"அதேதாங்க!"

"அப்ப பாடம் மட்டும் படிச்சா எப்படி? அது வெறும் விசிலு. டிரைவர் வேணும். பாடத்தோட கூடவே வேற எதுனா ஒண்ணு மண்டையில ஏறணும்." எழுந்து நடந்தான். "வாசனை! படிக்கும்போது ஒரு வாசனை புடிக்கிற. பரீட்சையில அதே வாசனையைப் புடிச்சா பாடம் தானா வரும்."

பூங்கோதை எதையோ சொல்ல வாய் திறந்தாள். அவன் கையில் போன் இல்லை. அவளுடைய புத்தகம் இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அவளுடைய மௌனங்களில் பல வகை உண்டு. இது சம்மதம் என்று வெற்றிவேல் எடுத்துக்கொண்டான்.

முதலில் பலாப்பழம் வந்தது. தினமும் சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டு, ஒரு பழத்தை வெட்டி அவள் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டான்.

"மெக்னீசியம் எங்க?"

"வாசல் வாயில."

"எப்ப நவுரும்?"

"ரெண்டும் ஒண்ணா வந்தா."

பதிலுக்கு ஒரு சுளை என்று திட்டம். அவள் யோசிக்கும் நேரத்தில் அவனே தின்றுவிடுவான். ஈயும் வயிற்றுவலியும் வந்த பிறகு, பஸ் நிலையத்தில் நின்றபோதுதான் திட்டத்தின் பெரிய ஓட்டை தெரிந்தது. சீசனில் ஊரே பலாப்பழ வாசனை அடித்தது. எல்லா இடத்திலும் அடிக்கிற வாசனை எதைத்தான் ஞாபகப்படுத்தும்?

சந்தையில் அதற்கு விடை கிடைத்தது. மலைக்குக் கீழேயிருந்து வரும் வியாபாரி கோணிமேல் நெத்திலிக் கருவாடு பரப்பியிருந்தார். வெற்றிவேல் குனிந்து ஒரு மூச்சு இழுத்தான். கண்ணில் நீர் வந்தது.

"நல்லா நாறுமாண்ணா?"

"நேத்து வந்ததுப்பா, நாத்தமே இருக்காது."

"பழசு இருந்தா குடுங்க."

வியாபாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

அன்று மாலை அவன் வறுத்தான், அவள் படித்தாள். முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. என்ன மன உறுதி என்று அவன் வியந்தான். தெருப் பூனைகள் எல்லாம் வாசலில் பாடம் கேட்க வந்தன. அவற்றுக்குப் பின்னால் சாந்தம்மாள் வந்தாள். மஞ்சள் புடவை, கழுத்தில் மாலை.

"ஏம்ப்பா வெற்றி! ஆடி மாசம், ஆத்தாளுக்கு மாலை போட்டு விரதம் இருக்கறேன். கண்ணை மூடினா அம்மன் வர்லப்பா, நெத்திலிதான் வருது!"

"படிப்பு விஷயம்க்கா."

"எந்தப் பள்ளிக்கூடத்துலப்பா கருவாடு வறுக்கறாங்க?"

ஜன்னலைச் சாத்தி வறுத்துப் பார்த்தான். வீடு புகைந்தது, ஓட்டு இடுக்கு வழியே புகை கிளம்பியதைப் பார்த்து ஊரே தண்ணீர்க் குடத்தோடு வந்துவிட்டது. அதன்பின் அடுப்பையும் பூங்கோதையையும் கடைக்கே கொண்டுபோனான். கடையில் அவன் வறுக்க, கேள்வி கேட்க, அவள் பதில் சொல்ல, ஒரு வாரத்தில் ஒரு வாடிக்கையாளர் போனோடு திரும்பி வந்தார்.

"நல்லா வேலை செய்யுதுங்க. ஆனா காதுல வச்சா பசிக்குது."

தேர்வு திருவண்ணாமலையில். கிளம்பும் காலையில் வெற்றிவேல் ஒரு கைக்குட்டையில் நான்கு நெத்திலியை மடித்து அவளிடம் கொடுத்தான்.

"மூக்கு தொடைக்கிற மாதிரி புடி. ஒரு இழு. எழுது."

பூங்கோதை கைக்குட்டையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "சரிங்க," என்றாள்.

மலைப் பாதையின் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே பஸ்ஸில் வாந்தி ஆரம்பித்தது. வழக்கமாகச் சிலருக்கு வருவதுதான். அன்று பலருக்கு வந்தது.

"யாருப்பா கருவாடு வச்சிக்கினு கீறது? எடுத்து வெளிய போடு!" என்றார் கண்டக்டர்.

வெற்றிவேல் பதறிப்போய்ப் பக்கத்து சீட்டுக்காரரிடம் அத்தர் வாங்கிக் கைக்குட்டையில் கவிழ்த்தான். கருவாடு அடங்கவில்லை. அத்தர் போட்ட கருவாடாக எழுந்தது. கண்டக்டர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு டிக்கெட் கொடுத்தார்.

வெற்றிவேலுக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. "பூங்கோத, வாசனை மாறிப்போச்சு! பழைய பாடம் இதுக்கு வராது. மறுபடியும் மொதல்லேர்ந்து ஏத்தணும். சொல்லு, மெக்னீசியம் எங்க?"

"வாசல் வாயில."

"சத்தமா!"

போளூர் வரும்வரை சொல்ல வைத்தான். கலசப்பாக்கத்தைத் தாண்டியபோது அவளுக்கு முன்னால் கண்டக்டரே பதில் சொன்னார். "ரெண்டும் ஒண்ணா வந்தா நவுரும், கால்சியம் உள்ள போவும். யோவ், வுட்ருய்யா அந்தம்மாவை!"

தேர்வு மையத்தின் வாசலில் சோதனை செய்த பெண் கைக்குட்டையைப் பிரித்தார். நெத்திலியைப் பார்த்தார். பூங்கோதையின் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"வூட்டுக்காரர் குடுத்தாரு," என்றாள் பூங்கோதை.

அந்தப் பெண் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. திருமணமானவர் போலிருக்கிறது. கைக்குட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு அவளை உள்ளே அனுப்பினார்.

வெளியே நின்ற வெற்றிவேலுக்கு உலகம் இருண்டது. இத்தனை நாள் உழைப்பும் தொட்டியில் கிடந்தது. எடைக்குப் போகும் புத்தகங்கள் கண்முன் வந்தன. பிறகு மதில் ஓரத்துத் தள்ளுவண்டிக் கடை கண்ணில் பட்டது. காற்று மதிலை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது.

"யக்கா, கருவாடு கீதா?"

"கீதுப்பா. சோறு வைக்கட்டா?"

"சோறு வாணாம். வறுத்துக்கினே இருங்க. தட்டுல போட வாணாம், நிறுத்தவும் வாணாம்."

கடைக்காரப் பெண் வறுத்தார். அவன் ஓர் அட்டையால் புகையை மதிலுக்கு மேலே விசிறினான். நாய்கள் கூடின. காவலாளி தடியோடு வந்தார். எழுதி முடித்தவர்கள் வெளியே வந்தபோது, வெற்றிவேல் தெருமுனையில் நாய்களுக்கு நடுவே சட்டையெல்லாம் கரியோடு நின்றுகொண்டிருந்தான்.

பூங்கோதை சிரித்துக்கொண்டே வந்தாள்.

"வந்துச்சுங்க! மெக்னீசியம் கேள்வி வந்துச்சு. படிச்சதுமே நீங்க கேட்கறாப்புலயே காதுல வுழுந்துச்சு. மத்ததும் நல்லா எழுதிக்கீறேன். இந்தத் தடவை நிச்சயங்க."

"புகை உள்ள வந்துச்சா?"

அவள் புடவைத் தலைப்பால் அவன் கன்னத்துக் கரியைத் துடைத்துவிட்டாள்.

மலை ஏறும்போது பஸ்ஸில் அவன் தோளில் சாய்ந்தே தூங்கிவிட்டாள். அந்த மௌனத்தையும் அவன் தன் கண்டுபிடிப்புக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

வீட்டு வாசலில் சாந்தம்மாள் காத்திருந்தாள். "எப்படிடி எழுதின?"

"நல்லா எழுதிக்கீறேன்க்கா," என்று சொல்லிவிட்டுப் பூங்கோதை உள்ளே போய்விட்டாள்.

வெற்றிவேல் வேலியில் கையூன்றிக்கொண்டு நின்றான். "எத்தனை பேச்சு பேசினீங்க! இப்ப பாத்தீங்களாக்கா? எல்லாம் அந்தக் கருவாட்டு வாசனை பண்ண வேலை."

சாந்தம்மாள் வேலியருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"கொரோனா வந்தப்ப போன மூக்கு அவளுக்கு இன்னும் திரும்பலியேப்பா, உங்கிட்டதான் மொதல்ல சொன்னாளாம், போனைப் பிரிச்சிக்கினே 'ம்'னியாமே?"