'அப்பெண்ட்' கமிட்டியின் அரும்பணி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததைப் பெரிதாகப் பேசுகிறார்கள். 'அப்பெண்ட்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு முன்னால் நெருப்பெல்லாம் தூசு. அந்தச் சொல்லின் பொருளையும் பயன்பாட்டையும் தீர்மானித்த கமிட்டிக்கு அடியேன்தான் செயலாளர். பெருமைக்குச் சொல்லவில்லை, வரலாற்றில் பதிவாக வேண்டும் அல்லவா?

எங்கள் ஜீப் டிரைவரின் மனைவிக்கு நிறைமாதம். தலைப்பிரசவம். பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை என்று டிரைவர் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தார். தலைமை அலுவலகம் அதன் ஓரத்தில் ஒற்றை வரி கிறுக்கித் திருப்பி அனுப்பியது: டாக்டர் சான்றிதழை 'அப்பெண்ட்' செய்யவும்.

வேறு ஆபீசாக இருந்தால் ஒரு குண்டூசியைக் குத்தி அனுப்பித் தொலைத்திருப்பார்கள். எங்கள் மேனேஜர் அப்படிப்பட்ட அவசரக்குடுக்கை அல்ல. 'அட்டாச்' என்றால் குண்டூசி என்பது அவருக்குத் தெரியும். இதுவோ வேறு சொல். உடனே கமிட்டி போட்டார்.

முதல் கூட்டத்திலேயே அனல் பறந்தது.

"டிக்‌ஷனரியில 'இறுதியில் சேர்த்தல்'னு போட்டிருக்கு சார்," என்றார் கணக்காளர்.

"சரி. எதால சேர்க்கணும்னு போட்டிருக்கா?"

"இல்ல சார்."

"பாத்தீங்களா? இங்கதான் மனுஷ மூளை தேவைப்படுது," என்றார் மேனேஜர். எனக்குப் புல்லரித்தது.

கணக்காளர் பசை என்றார். ஸ்டோர் கீப்பர் நூல் என்றார். டைப்பிஸ்ட் அம்மா ஸ்டேப்ளர் பக்கம் நின்றார். கடைசியில், முறைப்படி 'அப்பெண்ட்' செய்யப்பட்ட தாள் ஒன்றை தலைமை அலுவலகத்துக்கே போய் நேரில் பார்வையிடுவது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

போவதற்கு ஜீப் வேண்டும். ஜீப்புக்கு டிரைவர் வேண்டும். இருப்பதோ ஒரே டிரைவர்.

"சார், இன்னிக்கோ நாளைக்கோன்னு டாக்டர் சொல்லிட்டாங்க," என்றார் அவர். "எதையாவது வெச்சு ஒட்டி அனுப்பிடுங்க சார்."

"உனக்காகத்தானேப்பா நாங்க இவ்வளவு பேர் நாயா அலையுறோம். வண்டிய எடு."

பாதி வழியில் அவருடைய போன் அடித்தது. மறுபடி அடித்தது. விதிமுறைகளில் மேனேஜர் கறார். "வண்டி ஓட்டும்போது போன் பேசக் கூடாது. தெரியாதா?" என்று அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். எங்கள் அனைவரின் உயிரையும் காப்பாற்றிய செயல் அது.

திரும்பி வந்ததும் போனைக் கொடுத்தார். டிரைவர் வெளியே ஓடினார். நாங்கள் மகத்தான முடிவை எட்டினோம்: நூல்தான்; இடது மூலை; இரட்டை முடிச்சு. நானே என் கையால் கட்டினேன்.

மறுநாள் காலை டிரைவர் கசங்கிய சட்டையோடு வந்து நின்றார். "பொண்ணு பொறந்திருக்கு சார்."

எல்லோரும் கைதட்டினோம். "பாத்தியா, லீவே தேவைப்படல," என்றார் மேனேஜர். "சம்சாரம் என்ன சொல்றாங்க?"

"தனியாத்தான் சார் ஆட்டோ பிடிச்சுப் போயிருக்கா. 'கூட யாரும்மா வந்திருக்காங்க?'ன்னு நர்ஸ் கேட்டிருக்காங்க. 'என் வீட்டுக்காரர என்கூடச் சேர்க்குறது எப்படின்னு ஆபீசுல பேசிக்கிட்டிருக்காங்க, முடிவானதும் அனுப்புவாங்க'ன்னு சொன்னாளாம்."