ஹவில்தார் கடல் பார்த்த கதை

"இந்த ஊட்ல இனிமே ஒரே ஆம்பளதான்" என்று என் வீட்டுக்காரர் தேவராஜ் தீர்மானம் போட்டது எழுபத்திரண்டில், ஆவடி குவார்ட்டர்ஸில். அவர் கணக்கில் இன்னொரு ஆம்பளை ஹவில்தார். எங்கள் நாய்.

எனக்குப் பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், என் கைக்குழந்தை தும்மினால் பயம், தும்மாவிட்டால் அதைவிடப் பயம். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எவ்வளவோ சொல்லிக்கொடுத்தார்கள்; இருட்டில் தனியாக இருக்க மட்டும் சொல்லித்தரவில்லை. அவர் செகண்ட் ஷிப்ட் போகும் வாரமெல்லாம் ஹவில்தார் நிலைப்படிக்குக் குறுக்கே சாக்கில் படுத்திருக்கும். அதன் மூச்சுச் சத்தம் கேட்டால்தான் எனக்குக் கண் மூடும்.

அவர் வழக்கு வேறு. ஷிப்ட் முடிந்து வரும் அவரை அது கேட்டிலேயே நிறுத்திவிடும். "நான்தான்டா, தேவராஜ்" என்று பெயர் சொன்னால்தான் வழி.

"ஃபாக்டரி கேட்ல பாஸ் காட்டறேன். ஊட்டு கேட்லயும் காட்டணுமா? சம்பளம் கொண்டாறது நான். வாலை ஆட்டிக்கினு அதிகாரம் பண்றது அது."

"அது இல்லேன்னா எனக்குப் பயமா இருக்குமேங்க."

"அது இன்னா பெரிய காவல்? அதுக்கு மேல நான் காப்பேன். இந்த ஊட்டுக்கு நான் ஒர்த்தன் போதும்."

அடுத்த வீட்டு முனியம்மா துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு இதைக் கேட்டுக்கொண்டாள்.

மறுவாரம் அவர் முகத்தில் சர்க்கரை. "கன்னியாகுமரி பக்கம் போலாமா? எங்க ஃபோர்மேன் ஜேம்ஸ் சாரோட காட்டேஜ். முன்னால கடல், பின்னால மலை. ஒண்ணுதான், நாயை உள்ளே உடமாட்டாங்களாம்."

"அப்ப ஹவில்தார்?"

"நூம்பல்ல நம்ம லட்சுமணன் கீறான்ல, அவன் கல்லக்கா தோட்டத்துல இருக்கட்டும்."

லட்சுமணன் இவருக்கு மச்சான் முறை, நூம்பல் கிராமத்தில் வேர்க்கடலை போடுகிறவர். திரும்பி வந்ததும் கூட்டி வருவீர்களா என்று கேட்டேன். கூரையைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

கிளம்பும் நாள் காலையில் லட்சுமணன் கயிற்றோடு வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து ஜேம்ஸ் சார் சாவியோடு வந்தார். நேராகப் போய் ஹவில்தார் காதைச் சொறிந்தார்.

"இவன்தானா விருந்தாளி? எங்க நாயை ஒரு லாட்ஜிலயும் சேர்க்கலைம்மா. அந்த ரோஷத்துல கட்டின வீடு அது. நாய் இல்லாதவங்களுக்கு நான் சாவியே கொடுக்கறதில்லை. ஏம்ப்பா தேவராஜ், உங்கிட்டச் சொன்னேனே?"

இவர் குனிந்து பெட்டியின் பூட்டைச் சரிபார்த்தார்.

"கவுறு ரெடியா கீது மச்சான்" என்றார் லட்சுமணன்.

"யார் இவர்?" என்றார் ஜேம்ஸ் சார்.

"ஹவில்தாரை வழியனுப்ப வந்திருக்கார் சார்" என்றேன்.

பொய்யைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. மெதுவாகச் சொன்னேன்: "வீட்டைப் பூட்டிட்டுப் போகப் பயமா இருக்குங்க. பின்தெருவில் போன மாசம்தான் குடம், குண்டான் எல்லாம் திருட்டுப் போச்சு. ஹவில்தாரும் இருக்காது."

"லட்சுமணன் படுத்துக்கட்டும்."

"என் தோட்டத்துக்கே காவல் இல்லாமத்தானே நாயைக் கேட்டேன்" என்றார் லட்சுமணன்.

வேலிக்கு மேலே முனியம்மாவின் தலை எழுந்தது. "ஏன் நைனா, நீ ஒர்த்தன் போதும்னு சொன்னியே. தெருவே கேட்டுச்சே."

"எங்க வீட்டம்மாவும் அதே ரயில்லதான் போறா. குழந்தைக்குத் துணையாச்சு" என்றார் ஜேம்ஸ் சார்.

எழும்பூரில், ரயிலில் கார்டு வரும் பெட்டியில் ஹவில்தாருக்குத் தனிக் கூண்டு கிடைத்தது. இவருக்குப் பிளாட்பாரம் டிக்கெட்.

அந்த ஒரு வாரம் இன்னும் கண்ணில் நிற்கிறது. காலையில் மலை உச்சியில் மேகம், பகலெல்லாம் உப்புக் காற்று. அலையைக் கண்டதும் ஹவில்தார் நடுங்கி என் புடவைக்குப் பின்னால் ஒளிந்தது. "ஒண்ணும் பண்ணாதுடா" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒருவருக்குத் தைரியம் சொன்னேன்.

திரும்பி வந்தபோது இவர் நிலைப்படிக்குக் குறுக்கே, ஹவில்தாரின் சாக்கில் படுத்திருந்தார். அது வந்து முகர்ந்தது. இவர் எழுந்து இடம் விட்டார். நூம்பல் பேச்சு அதோடு முடிந்தது.

ஹவில்தார் கண்ணை மூடி ஒரு வருஷமாகிறது. சாக்கு அங்கேயே கிடக்கிறது. எடுக்க இருவருக்கும் மனசில்லை. இன்றும் செகண்ட் ஷிப்ட் விட்டு வந்தால் இவர் கேட்டில் நின்று, "நான்தான், தேவராஜ்" என்கிறார்.

"பாஸ்?" என்கிறேன் உள்ளிருந்து.

எடுத்துக் காட்டுகிறார்.