பன்னிரண்டு விமானங்கள் நலம்

அன்புள்ள மாப்பிள்ளை சந்தோஷுக்கு,

உங்கள் மாமனார் பாரிவாக்கம் தங்கவேல் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் பருத்திப்பட்டு ஃப்ளாட்டில் நானும், உங்கள் அத்தை மங்களமும், மகள் கிருஷ்ணப்பிரியாவும் நலம். நீங்கள் ஒரு வருடமாகச் செய்யும் மாதிரி விமானந்தாங்கிக் கப்பலும் நலம். அதன் மேலிருந்த விமானங்களைப் பற்றித்தான் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது.

ஜெர்மனிக்குக் கிளம்பும்போது, "மாமா, விமானத்தை இன்னும் ஒட்டலை. வந்ததும் கண்காட்சிக்குக் கொண்டுபோகணும். யாரும் தொடாம பாத்துக்கோங்க" என்றீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்க்கப் பார்க்க ஒரு சந்தேகம். பின்னால் நிற்பது கிளம்ப வேண்டுமென்றால் முன்னால் நிற்பதை யார் எடுப்பது? சரியென்று ஒன்றை, ஒன்றே ஒன்றைத்தான், லேசாக நகர்த்தினேன். அந்த நேரம் பார்த்து ஃப்ளாட் சங்கச் செயலாளர் ஹேமநாதன் உள்ளே வந்தார். "இன்னா அண்ணாத்தே, கீழ பார்க்கிங்குல அவனவன் அடிச்சிகினு கீறான், நீ பிளேன் வெச்சிகினு கீறே?" என்றவர், கப்பலைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கீழே கார் நிறுத்தப் பன்னிரண்டு இடம், கார் பதின்மூன்று. கப்பலிலும் பதின்மூன்று விமானம். விடிவதற்குள் ஷிப்டுக்குப் போகிற தினகரன் முன்வரிசை, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மட்டும் வண்டி எடுக்கிற ஜானகிராமன் கடைசி என்று அடுக்கத் தொடங்கினோம். சேதி பரவி எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்துவிட்டது. உங்கள் அத்தை காபி போட்டே ஓய்ந்துபோனாள். மூன்றாம் மாடி ரேகா, "எங்க வண்டி ஏன் மூலையில நிக்குது?" என்று தன் விமானத்தைத் தூக்கி முன்னால் வைக்க, தினகரன் அதைப் பின்னால் வைக்க, ஒரு இறக்கை கொஞ்சம் வளைந்துவிட்டது. இனி ஒருவரும் நகர்த்தக் கூடாது என்று நான்தான் ஆளுக்கொரு சொட்டுப் பசை வைத்து ஒட்டிவிட்டேன். நன்றாகவே பிடித்திருக்கிறது. இறக்கைகளில் ஃப்ளாட் எண்ணும் எழுதியாகிவிட்டது. கண்காட்சியில் யாராவது கேட்டால், இது பருத்திப்பட்டு முறை என்று சொல்லிவிடுங்கள். அன்றிலிருந்து கீழே சண்டையே இல்லை, மாப்பிள்ளை. மிச்சமான ஒரு விமானத்தை டம்ளரில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கோபம் வேண்டாம். நீங்கள் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது. சீக்கிரம் வாருங்கள். பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நிறுத்தச் சொல்லி விட்டுப்போனீர்களே, அந்தக் காரையே விமான நிலையத்துக்கு எடுத்து வருகிறேன். நீண்ட ஆயுளும் நிறைந்த பொறுமையும் உங்களுக்கு உண்டாகட்டும்.

அன்புடன்,
தங்கவேல்

பின்குறிப்பு: ஹேமநாதன் சங்கத்து ஆட்களுடன் இப்போதுதான் வந்து போனார். கப்பலில் எல்லா விமானமும் ஒரே நேரத்தில் நிற்காதாம், ஒன்று எப்போதும் வானத்தில் இருக்குமாம். நம் சங்கத்துக்கு அந்த ஒன்று உங்கள் கார்தான், அதாவது நீங்கள்தான். டம்ளரில் இருப்பதும் நீங்கள்தான். ஜெர்மனியில் இன்னும் ஆறு மாதம் இருக்க முடியுமா என்று கேட்கச் சொல்லி எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள். நானும் தூக்கினேன். கிருஷ்ணப்பிரியா மட்டும் தூக்கவில்லை. "காரு வானத்துலயே இருக்கட்டும்பா, அவரு மொதல்ல தரையிறங்கட்டும்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆகவே மாப்பிள்ளை, உடனே கிளம்பி வரவும். விமான நிலையத்திலிருந்து பஸ் இருக்கிறது.