மின்தூக்கி வேந்தன் கலோரி கணித்த காதை

வாழ்க, ஒன்பது மாடிக்கும் ஒரே வேந்தன்! வாழ்க, காலால் ஏறாமலே விண்ணைத் தொட்டவன், வழுக்கி விழாமலே பாதாளம் புகுந்தவன், சுட்டுவிரல் ஒன்றாலேயே மேலாளரையும் கணக்கரையும் குப்பை வாளியையும் வேற்றுமை பாராது உயர்த்தியவன்! இரும்புக் கதவுக்குள் அடங்கிய ஐந்தடிச் சதுர நாட்டை, ஸ்டூல் என்னும் சிங்காதனத்தில் வீற்றிருந்து நெடுங்காலம் ஆண்ட அந்த லிஃப்ட் ஆபரேட்டரின் கீர்த்தியைப் பாடப் புகுகிறேன். எண்களுக்கெல்லாம் அதிபதியான தேவதையே, என் நாவில் வந்தமர்க. வருகையில் கால்குலேட்டரையும் கொண்டுவருக.

எண்மர் ஏறலாம் என்று பித்தளைத் தகட்டில் பொறித்த அப்பெட்டியில், வேந்தனோடு அறுவர் ஏறியபின் ஏழாமவர் ஒரு காலை வைத்தாலே அபாய மணி ஊளையிடும். உள்ளிருப்போர் அனைவரும் கடைசியாக ஏறியவரைக் கொலைக்குற்றவாளியைப் போல் நோக்குவர்; அவரோ வேந்தனின் வயிற்றை நோக்குவார். ஒரு நாள் அவ்வாறு வெளியே இறக்கிவிடப்பட்டவர் மேலாளர். தாமும் ஒன்றும் இறகல்லர் என்பதை மறந்த அப்பெருமகன் இடிக்குரலில் முழங்கினார்: "மூணு மாசம் டைம் தர்றேன். ஏழெட்டுக் கிலோ எறங்கணும். இல்லேன்னா அவங்கவங்க பொத்தானை அவங்கவங்களே அமுக்கிக்கட்டும், லிஃப்டுக்கு ஆளே வேண்டாம்."

அந்தோ! வேலால் வீழாதவன், வாளால் மாளாதவன் (இரண்டையும் கண்ணால் கண்டதில்லை என்பது வேறு), வேலை போய்விடும் என்ற சொல்லால் வெலவெலத்தான். நான்காம் மாடியில் மருத்துவமனை வைத்திருந்த டாக்டரை, இரண்டாம் மாடிக்கும் மூன்றுக்கும் நடுவே காசில்லாமல் மடக்கி உபாயம் கேட்டான். "பட்டினி எல்லாம் கெடக்காதீங்க. உங்க உடம்புக்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி செலவாகுதுன்னு கணக்குப் போடுங்க. அதுல ஐநூறு கம்மியா சாப்பிடுங்க. மெதுவா எறங்கும்," என்று அருளிவிட்டு அவர் இறங்கிக்கொண்டார்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையே போர்க்களமாயிற்று. மகள் கைபேசியை ஏந்தினாள். மனையாள் கரண்டியை ஏந்தினாள். எடை என்ன என்றது கைபேசி. எடை கூடினால் உணவும் கூடும் என்று மகள் வாய்தவறிச் சொன்ன கணமே, அதுவரை எடையை ஊருக்கே மறைத்துவந்த வேந்தன், தொண்ணூற்றெட்டு என்று மார்தட்டி, இடுப்புச் சாவிக்கொத்தையும் சேர்க்கச் சொல்லி மன்றாடினான். உயரம் அளக்கையில் அவன் குதிகால்கள் தரையோடு உறவறுத்தன. வயது கேட்டபோது ஐந்தாண்டுகள் காற்றில் கரைந்தன. இச்சிறு கோட்டைகளெல்லாம் வீழ்ந்தபின், கோபுரம்போல் நிமிர்ந்து நின்றது இறுதிக் கேள்வி: நீர் உட்கார்ந்தே இருப்பவரா, லேசாக நடமாடுபவரா, கடும் உழைப்பாளியா?

"கடும் உழைப்பாளி!" என்று கர்ச்சித்தான் வேந்தன். "நாள் பூரா ஒன்பது மாடி ஏறி எறங்குறேன்டி!"

"அப்பா, நீ எங்கப்பா ஏறுற? லிஃப்டு ஏறுது. நீ ஸ்டூல்ல உக்காந்திருக்க."

"ஆமா, பாவம், அந்த ஸ்டூலுதான் கடும் உழைப்பாளி," என்றாள் மனையாள்.

சினம் மூண்டது, தட்டுகள் அதிர்ந்தன. உட்கார்ந்தே இருப்பவன் என்று ஒப்பினால் நாளொன்றுக்கு ஆயிரத்து அறுநூறுதான், வெண்ணெய் பூசிய பன்கள் யாவும் நாடு கடத்தப்படும் என்பதை அறிந்த அம்மாவீரன், ஊழிக்காலத்து வேங்கையெனப் பாய்ந்து, மகளின் கைக்கு மேலாகத் தன் உலகு உயர்த்தும் சுட்டுவிரலை நீட்டி, தான் விரும்பிய கட்டத்தைத் தானே அழுத்தினான். கணித்தது பொறி, கழித்தது ஐநூறு, இரண்டாயிரத்து ஐநூறு என்று மின்னியது தீர்ப்பு.

மனையாள் கரண்டியை இறக்கிவைத்து விரல்விட்டு எண்ணினாள். "இப்ப நீங்க திங்கிறதே ரெண்டாயிரத்து இருநூறுதாங்க. அப்ப எளைக்கணும்னா நீங்க இன்னும் தின்னணும். இப்படி ஒரு பத்தியத்தை நான் எங்கயும் கேட்டதில்ல."

ஏளனத்தை எங்ஙனம் அறிவான், கணக்கின்மேல் ஆணையிட்டவன்? அன்று தொட்டு, பசித்தாலும் பசியாவிட்டாலும், குறைபட்ட அந்த முந்நூற்றைக் கடமையெனக் கருதி, பன்னின்மேல் பன் அடுக்கி, வெண்ணெய்க் குன்றுகளைத் தனியொருவனாகத் தகர்த்து, சர்க்கரைத் தேநீர்க் கடலில் பிஸ்கட் படைகளை அமிழ்த்தி, "உடம்பைக் குறைக்கிறதுன்னா சும்மாவா?" என்று பெருமூச்செறிந்து, மாதம் மூன்றும் அறந்தவறாது உண்டான் அத்தவமுனி. ஏறுவோரிடமெல்லாம் உபதேசமும் செய்தான். மெலிந்தோர் இருவர் அஞ்சி மாடிப்படியை நாடினர்.

கெடுநாளும் வந்தது. டாக்டரின் எடைப்பொறி தரைத்தளத்தில் நிறுவப்பட, மேலாளர் கைகட்டி நிற்க, ஒன்பது மாடியின் குடிகளும் கூட, செருப்பைத் துறந்து, சாவிக்கொத்தைத் துறந்து, மூச்சையும் துறந்து, முகத்தில் வெற்றிப் பொலிவோடு ஏறி நின்றான் நம் காவிய நாயகன். முள் நடுங்கியது, துள்ளியது, தொண்ணூற்றெட்டை ஏறெடுத்தும் பாராது கடந்து, நூற்றையும் தாண்டி நூற்றிரண்டில் சென்று இளைப்பாறியது.

மறுநாளிலிருந்து லிஃப்ட் ஆபரேட்டருக்கு ஒன்பது மாடிக்கும் படி ஏறித் தபால் கொடுக்கிற வேலை.